சுக்கான்: தோணியிலிருந்து பந்தயக் கார் வரை



வாகனம் ஓட்டும்போது கையில் பிடிக்கிறோமே, அந்த வட்டத்துக்கு நம் வீடுகளில் என்ன பெயர்? பிள்ளைகளைக் கேட்டால் 'ஸ்டியரிங்' என்பார்கள். அந்தக் காலத்தில் லொறி ஓட்டிய பெரியவர்களைக் கேட்டால் 'சுக்கான்' என்பார்கள். சிங்களச் சகோதரர்களைக் கேட்டால் 'சுக்கானம' என்பார்கள். குவைத்தில் வீட்டுச் சாரதியாக இருந்து வந்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். அங்குள்ள அரபிகள் காரின் வட்டத்தைச் 'சுக்கான்' என்றுதான் சொல்வார்கள். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில், கென்யாவிலும் தான்சானியாவிலும் பேசும் சுவாஹிலி மொழியில் அதற்கு 'உசுகானி' என்று பெயர். குஜராத்திக்காரர்களுக்குக் கப்பலின் சுக்கான் 'சுகான்', அதைப் பிடிப்பவர் 'சுகானி'.

எல்லாம் ஒரே சொல். அரபு மொழியில் 'சுக்கான்' என்றால் கப்பலின் பின்புறத்தில் பூட்டி, கப்பலைத் திருப்ப உதவும் பலகை. கடலில் பிறந்த சொல் கரையேறி, வீதியில் ஓடும் வாகனத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இந்து சமுத்திரத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் முதன்முதலாகக் காரைப் பார்த்தபோது, சாரதி பிடித்திருந்த பொருளுக்குப் புதிய பெயர் தேடவில்லை. தோணியில் தாங்கள் பிடித்த பொருளின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.

இதை எழுத வைத்தது வகுப்பறையில் வந்த ஒரு கேள்வி. விடுமுறை நாட்களில் நம் கடற்கரை விடுதிகளுக்குக் கொழும்பிலிருந்து வருபவர்களில் சிலர் பழைய இரண்டு இருக்கைக் கார்களில் வருகிறார்கள். கூரை திறந்த, தாழ்ந்த கார்கள். பிள்ளைகள் அவற்றைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். "சேர், அந்தக் காருக்கு ஏன் பலகையில சுக்கான் போட்டிருக்கு? காசில்லாமலா?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் நல்ல கேள்வி. காசில்லாமல் அல்ல, காசு கொடுத்துத்தான் அதைப் பூட்டுகிறார்கள். இரும்பும் பிளாஸ்டிக்கும் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் ஒரு பந்தயக் காருக்கு ஏன் மரம்? அதற்குப் பதில் தேடிப் போனால் நம் தோணித் துறைக்கே வந்து சேர்கிறோம்.

முதலில் கடல்.

10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-முகத்தஸி என்ற அரபுப் புவியியலாளர் செங்கடலில் கப்பல் ஓட்டிய விதத்தை எழுதியிருக்கிறார். கப்பல் தலைவர் உயரத்தில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீருக்கடியில் பாறை தெரிந்தால் வலம், இடம் என்று குரல் கொடுப்பார். இரண்டு பையன்கள் அதைத் திருப்பிக் கூவுவார்கள். சுக்கானைப் பிடித்திருப்பவர் கையில் இரண்டு கயிறுகள். கேட்ட குரலுக்கு ஏற்ப ஒன்றை இழுப்பார். ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஸ்டியரிங் இது.

அப்படிப்பட்ட கப்பல்கள் வந்துபோன கடல் நமது. இப்னு பதூதா 1344இல் புத்தளத்துக்கு வந்திறங்கி, அதைப் 'பத்தாலா' என்று எழுதி வைத்தார். சுக்கான் பிடிப்பவரைத் தமிழில் 'சுக்கானி' என்றோம். அந்தச் சொல்லை ஆங்கிலேயக் கப்பற்காரர்கள் காதில் விழுந்தபடி 'சீகன்னி' என்று எழுதிக்கொண்டார்கள். மரக்கலம் செய்பவரை 'ஓடாவி' என்றோம். இன்று வீட்டுக்கு நிலை, யன்னல் செய்பவரையும் நம் மக்கள் ஓடாவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓடம் செய்தவரின் பெயர் வீடு செய்பவருக்கு வந்தது, சுக்கானின் பெயர் காருக்கு வந்ததுபோல.

சிறிய தோணியில் சுக்கானின் கைபிடியை நேரடியாகப் பிடித்துத் தள்ளலாம். கப்பல் பெரிதானபோது அது முடியவில்லை. அலை சுக்கான் பலகையை அடித்தால் கைபிடி ஆளையே தூக்கி எறியும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கப்பல்களில் ஒரு மரச் சக்கரம் வந்தது. சக்கரத்தைச் சுற்றினால் உருளையில் கயிறு சுற்றும், கயிறு சுக்கானை இழுக்கும். கை செய்யும் வேலை இலகுவானது. கப்பல் படம் வரையச் சொன்னால் இன்றும் பிள்ளைகள் வரைவது அந்த ஆரக்கால் வைத்த சக்கரத்தைத்தான்.

மோட்டார் காரும் இதே பாதையில்தான் நடந்தது. 1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியில் வட்டம் கிடையாது. சிறு கைபிடி ஒன்றுதான். அதன் பிறகு வந்த பல கார்களிலும் தோணியின் சுக்கான் தண்டு போன்ற ஒரு நீளக் கைபிடியே இருந்தது. மெதுவாகப் போகும்வரை அது போதும். வேகம் கூடியபோது, சில்லு ஒரு கல்லில் ஏறினால் அந்த அதிர்ச்சி முழுவதும் கைபிடி வழியாகக் கைக்கு வந்தது. கை சற்று அசைந்தால் வண்டி வீதியை விட்டுப் போனது.

1894இல் பரிஸ் நகரத்திலிருந்து ரூவான் வரை 126 கிலோமீற்றர் தூரத்துக்கு மோட்டார் வண்டிப் போட்டி ஒன்று நடந்தது. அதில் வச்செரோன் என்ற பிரெஞ்சுக்காரர் தனது பன்ஹார்ட் காரில் கைபிடியைக் கழற்றிவிட்டு ஒரு வட்டத்தைப் பூட்டிக்கொண்டு வந்தார். காருக்கு வட்டச் சுக்கான் பூட்டியதற்கு நாம் அறியும் மிகப் பழைய உதாரணங்களில் அது ஒன்று. 1898அளவில் பன்ஹார்ட் நிறுவனமே தன் கார்களை வட்டத்தோடு விற்கத் தொடங்கியது. சில வருடங்களில் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். காரில் வட்டச் சுக்கான் நுழைந்ததே ஓர் ஓட்டக்காரர் தன் காரில் செய்த மாற்றமாகத்தான். பழைய காருக்கு வேறு சுக்கான் பூட்டும் பழக்கம் சுக்கானின் வரலாற்றோடு கூடப் பிறந்தது என்று சொன்னால் தவறில்லை.

அந்த முதல் வட்டங்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. நடுவில் பித்தளை அல்லது இரும்பு ஆரக்கால்கள், வெளியே வளைத்து ஒட்டிய மர வட்டை. குதிரை வண்டிச் சில்லுச் செய்த தச்சர்களுக்குக் கைவந்த வேலை அது. இலங்கையில் 1904இல் மோட்டார்காரர்களின் சங்கம் தொடங்கியபோது இங்கு ஓடிய கார்களிலும் மர வட்டைகளைப் பார்த்திருப்பார்கள்.

பிறகு மரம் போனது. ஆயிரக்கணக்கில் கார்கள் செய்யும் தொழிற்சாலைக்கு ஒவ்வொரு வட்டையையும் செதுக்கி மினுக்கி எடுக்க நேரமில்லை. இரும்பு வளையத்தின் மேல் கடின இறப்பரையோ பேக்லைட்டையோ அச்சில் வார்த்தார்கள். மலிவு, வேகம். ஆனால் அந்தப் பொருட்களுக்கு இரண்டு குறை. வெயிலில் காய்ந்து வெடிக்கும். வியர்த்த கையில் வழுக்கும். சந்தைக்குப் போய்வரும் காரில் அது பெரிய விசயமில்லை. மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு பறக்கும் பந்தயக் காரில் அது உயிர் விசயம்.

மரம் திரும்பி வந்தது அந்தப் பந்தயக்காரர்கள் வழியாகத்தான். அதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் என்ரிக்கோ நார்டி. இத்தாலியர், 1907இல் பிறந்தவர். லான்சியா நிறுவனத்தில் வேலை செய்தவர், தானே பந்தயம் ஓட்டியவர். பின்னர் என்சோ பெராரியோடு சேர்ந்து, பெராரி என்ற பெயரில் கார் வருவதற்கு முன்பே அவர் 1940இல் உருவாக்கிய 815 என்ற காரில் உழைத்தவர். போருக்குப் பிறகு டூரின் நகரத்தில் சொந்தப் பட்டறை வைத்தார். 1950களின் தொடக்கத்தில் அங்கிருந்து வெளிவந்த மரச் சுக்கான்தான் அவருடைய பெயரை உலகத்துக்குச் சொன்னது. பெராரி கார்கள் பல அந்தச் சுக்கானோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. நார்டி 1966இல் இறந்தார். அவர் பெயர் இன்றும் சுக்கானில் பொறித்து வருகிறது.

அந்தச் சுக்கான் எப்படி அமைந்தது என்று பார்ப்போம். நமது ஓடாவிமாருக்கு உடனே விளங்கும். மாட்டு வண்டிச் சில்லுக்குக் குடம், ஆரக்கால், வட்டை என்று மூன்று உறுப்புகள். இதற்கும் அதே மூன்றுதான். ஆரக்கால்களும் வளையமும் ஒரே அலுமினியத் தகட்டில் வெட்டப்பட்டிருக்கும். அந்த வளையத்தை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் மரத்தைப் பசையால் ஒட்டி இறுக்குவார்கள். பல சுக்கான்களில் சின்னச் சின்ன ரிவெட் ஆணிகளும் இருக்கும். பிறகு மரத்தைக் கைக்கு ஏற்றபடி உருட்டிச் செதுக்கி, பின்புறத்தில் விரல்கள் படிய சிறு பள்ளங்கள் எடுத்து, வார்னிஷ் பூசுவார்கள். மஹோகனியும் வால்நட்டும் இதற்குப் பேர்போன மரங்கள்.

பார்ப்பவருக்கு மரம் மட்டுமே தெரியும். பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் உலோக வளையம். மரம் கைக்காக, உலோகம் காருக்காக.

அது கைக்கு என்ன தருகிறது? அந்தக் கார்களுக்கு இன்றைய கார்களைப்போல் பவர் ஸ்டியரிங் இல்லை. முன் சில்லு வீதியில் உணர்வதெல்லாம் தண்டு வழியாக வட்டத்துக்கு வரும். மண் வீதி ஒரு மாதிரி அதிரும், தார் வீதி வேறு மாதிரி. சில்லு வழுக்கப் போகிறது என்றால், கார் வழுக்குவதற்கு முன்பே வட்டம் இலேசாகிவிடும். மெல்லிய, கடினமான மர வட்டை அந்தச் செய்தியை மழுக்காமல் விரலுக்குக் கொடுக்கும். வியர்வையில் இறப்பரைப்போல் பிசுபிசுக்காது, வெயிலில் உலோகத்தைப்போல் சுடாது.

கடலுக்குப் போகும் சகோதரர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பாய் விரித்துத் தோணி ஓட்டிய பெரியவர்கள் சுக்கான் கைபிடியில் விரல் வைத்தே நீரோட்டத்தைச் சொல்வார்கள். இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை, கைதான் பார்க்கும். பந்தயக்காரர்களும் அதே கை அறிவைத்தான் தேடினார்கள்.

இங்கிலாந்திலும் இந்தப் பழக்கம் பரவியது. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப், ஜேம்ஸ் பொண்ட் படத்தால் புகழ் பெற்ற அஸ்டன் மார்ட்டின் டீ.பி.5 ஆகியவற்றில் மர வட்டைச் சுக்கானே வந்தது. விலை குறைந்த எம்.ஜி.பி. போன்ற கார்களில் மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் வட்டம்தான். அதை வாங்கியவர்கள் பிறகு சேமித்து, மோட்டோ-லீட்டா போன்ற பட்டறைகளில் செய்த மரச் சுக்கானை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள்.

ஜப்பானியர்கள் இதில் ஓர் அழகான வேலை செய்தார்கள். 1967 முதல் 1970 வரை வெளிவந்த டொயோட்டா 2000ஜீ.டீ. என்ற காரை டொயோட்டாவோடு சேர்ந்து உருவாக்கியது யமஹா. யமஹா என்றால் நமக்கு மோட்டார் சைக்கிளும் படகு இயந்திரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நிறுவனத்தின் வேர் இசைக்கருவியில் இருக்கிறது. ஆகவே அந்தக் காரின் மர வேலையை, சுக்கான் உட்பட, பியானோ செய்யும் தங்கள் கைவினைஞர்களிடமே கொடுத்தார்கள். நம் கடற்கரையில் ஒவ்வொரு படகின் பின்னாலும் தொங்கும் அதே பெயர்!

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்ட வெள்ளைக்காரர்களும் பிறகு உள்ளூர் இளைஞர்களும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் காரோட்டினார்கள். 1950களில் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கு இறங்கின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விழுந்தது. 1977க்குப் பிறகு கதவு திறக்கும்வரை, கையில் இருந்த காரைக் கட்டிக்காப்பதே வழி. 2020 மார்ச்சில் மறுபடி இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்ததை நாமே பார்த்தோம்.

இப்படித் தடை வந்த காலங்களெல்லாம் நம் நாட்டின் கராஜ் பாஸ்மாருக்குப் பள்ளிக்கூடம். இல்லாத பாகத்தைச் செய்து பூட்டுவார்கள், உடைந்ததை ஒட்டுவார்கள், ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்துவார்கள். இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன மொரிஸ் மைனர் காருக்கு 1990களில் இலங்கையில் உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்றால் நம்மவர் கையின் தரத்தை நினைத்துப் பாருங்கள்.

இனி, பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மரச் சுக்கானை எப்படிப் பூட்டுகிறார்கள்? வேலை அரை நாளில் முடியும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் முன் சில்லுகளை நேராக வைத்துக் காரை நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் கார் நேராகப் போகும்போது சுக்கான் கோணலாக நிற்கும். பெட்டரியின் இணைப்பைக் கழற்றுவார்கள், ஏனென்றால் சுக்கானின் நடுவில் ஹோர்ன் கம்பி இருக்கிறது. ஹோர்ன் மூடியை எடுத்தால் உள்ளே ஒரு பெரிய நட் தெரியும். காரின் போக்கு முழுவதையும் பிடித்திருப்பது அந்த ஒற்றை நட்தான்.

நட்டைத் தளர்த்த வேண்டும், ஆனால் முழுதாகக் கழற்றக் கூடாது. இரண்டு மூன்று புரி மிச்சம் வைக்க வேண்டும். வருடக்கணக்கில் இறுகிப்போன சுக்கானை இழுக்கும்போது அது திடீரென்று விட்டு வரும். நட் இல்லாவிட்டால் அது நேராக முகத்தில் அடிக்கும். இதைத் தெரியாமல் பல்லை உடைத்துக்கொண்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

பழைய சுக்கான் வந்த பிறகு, தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய நுண்ணிய பற்கள் தெரியும். புதிய சுக்கான் அந்தப் பற்களில் நேரடியாக உட்காராது. இடையில் ஒரு குடம் வேண்டும். குடத்தின் பின்புறம் காரின் தண்டுக்கும் முன்புறம் சுக்கானுக்கும் பொருந்த வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நார்டி சுக்கானில் ஆறு துளைகள், அவை 74 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்தவை. மோமோ என்ற மற்றொரு இத்தாலிய நிறுவனத்தின் சுக்கானிலும் ஆறு துளைகள்தான், ஆனால் 70 மில்லிமீற்றர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், பூட்டினால் பொருந்தாது. துளையை அராவிப் பெருப்பித்துப் பூட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜை விட்டு வந்துவிடுவது நல்லது.

குடத்தைப் பற்களில் அமர்த்தும்போது, சிக்னல் தானாக அணைவதற்கான சிறு முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நட்டை, கார் செய்தவர் சொன்ன அளவுக்கு, அளவு காட்டும் சாவியால் இறுக்க வேண்டும். கை மதிப்பு இங்கே உதவாது. அதன் பிறகுதான் மரச் சுக்கானை வைத்து ஆறு பொல்ட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள். ஹோர்ன் கம்பியைக் கொடுத்து, பெட்டரியைப் பூட்டி, மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். சில நாள் ஓடிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி சரிபார்ப்பார்கள்.

அளவு பற்றியும் ஒரு சிறு கணக்கு. பழைய கார்களின் சுக்கான் பெரியது, 16 அங்குலம் அளவுக்கு இருக்கும். அழகுக்காக 14 அங்குலம் பூட்டினால் கைக்குப் பாரம் கூடும். 16 அங்குல வட்டத்தில் 7 கிலோ தள்ளல் போதும் என்றால், 14 அங்குல வட்டத்தில் அதே திருப்பத்துக்கு 8 கிலோ வேண்டும். நெம்புகோல் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். தோணியின் சுக்கான் தண்டை நம் முன்னோர் நீளமாக வைத்ததும் இதற்காகத்தான்.

நம் போன்ற கடற்கரை ஊரில் மரச் சுக்கானுக்கு இன்னும் ஒரு சோதனை, உப்புக் காற்று. ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், உள்ளே இருக்கும் அலுமினியம் அதற்கு ஈடாக அசையாது. முதலில் வார்னிஷ் மங்கும், பிறகு ஒட்டிய இடத்தில் முடி அளவு கீறல் விழும். அப்போதே மினுக்கி, மறுபடி வார்னிஷ் பூசினால் சுக்கான் தலைமுறை தாண்டும். விட்டால் கீறல் வழியாக ஈரம் இறங்கி மரம் உலோகத்தை விட்டுப் பிரியும். தோணிக்குக் காலம் தவறாமல் எண்ணெய் பூசிய கைகளுக்கு இது புதிய பாடமில்லை.

இவ்வளவு நல்லதென்றால் மரச் சுக்கான் ஏன் மறைந்தது? இந்தப் பதிவில் நாம் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

அந்தக் காலக் காரில் சுக்கான் தண்டு ஒரே நீளக் கம்பி. முன்புறம் மோதினால் அந்தக் கம்பி ஈட்டியைப்போல் சாரதியின் நெஞ்சை நோக்கி வரும். மர வட்டை அடி தாங்காமல் உடைந்தால் கூர்ச் சிராய்களாகப் பிளக்கும். எத்தனையோ பேர் அப்படி இறந்தார்கள். 1968 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில், மோதும்போது மடங்கும் தண்டும் அடியை உள்வாங்கும் சுக்கானும் கார்களுக்குக் கட்டாயமாகின. 1981இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் பெரிய காரின் சுக்கானுக்குள் காற்றுப் பையை வைத்தது. பந்தயக்காரர்களும் தோல் சுற்றிய சிறிய வட்டங்களுக்கு மாறிவிட்டார்கள். பழமை மேல் ஆசை மட்டும் போகவில்லை. 1990இல் மஸ்டா தன் சிறிய ரோட்ஸ்டர் காரின் ஒரு பதிப்பை நார்டியின் மரச் சுக்கானோடு ஜப்பானில் விற்றது. அது காற்றுப் பை இல்லாத கார்.

இன்று நம் வீதியில் ஓடும் கார்களில், வான்களில் பெரும்பாலானவற்றின் சுக்கானுக்குள் காற்றுப் பை இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, மரம்போலத் தெரியும் ஒரு வட்டத்தைப் பூட்டிக்கொள்ளும் ஆசை இளைஞர் சிலருக்கு வந்திருக்கிறது. தம்பிமாரே, இரண்டு விசயம். காற்றுப் பையை விரிக்க உள்ளே வெடிமருந்து இருக்கிறது, தெரியாத கை அதைத் தொடக் கூடாது. அது தவறாமல் கழன்று வந்தாலும், மோதும் நேரத்தில் உங்கள் நெஞ்சுக்கும் தண்டுக்கும் இடையில் ஒன்றும் மிஞ்சாது. மலிவு விலையில் வரும் போலிகள் சிலவற்றுக்குள் முழு உலோக வளையம்கூட இருப்பதில்லை. பாலாவி–கற்பிட்டி வீதியில் நாம் எந்த வேகத்தில் போகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். மரச் சுக்கான் பழைய காருக்குரியது. அதை வைத்திருப்பவர் பாதுகாப்பு எவ்வளவு குறைவு என்று தெரிந்து, மெதுவாக, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறார். தினமும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகும் வாகனத்துக்கு அது வேண்டாம்.

கடைசியாக நம் ஊரின் விசயம்.

கொழும்பிலும் இங்கிலாந்திலும் ஐம்பது, அறுபது வருடத்து மர வட்டை ஒன்றைக் கண்டெடுத்தால் துணியில் சுற்றிக் கொண்டுபோய் ஒட்டி மினுக்குகிறார்கள். நம் கரையில் பைபர் படகு வந்தபின் சுக்கான் பலகைக்கு வேலை இல்லாமல் போனது. பின்னால் தொங்கும் இயந்திரமே திரும்புகிறது. பழைய தோணிகளின் சுக்கான்கள் வேலியோரத்தில் கிடந்து உக்குகின்றன, சில அடுப்புக்குப் போகின்றன.

அவற்றில் சில வெறும் பலகை அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் கடல் வழியாகவே கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகளும் மூட்டைகளுமாக நிறைந்த படகுகளை யாரோ ஒருவர் கரைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கைகளில் பல இன்று மண்ணுக்குள். மிச்சமுள்ளவர்கள் நம் பள்ளிவாசல் திண்ணைகளில் இருக்கிறார்கள். எந்த நட்சத்திரத்தை வைத்துத் திசை பார்த்தார்கள், எந்த ஓடாவி எந்த மரத்தில் சுக்கான் செய்தார், உறுப்புக்கு உறுப்பு என்ன பெயர் சொன்னார்கள் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுக் கொல்லையில் பழைய சுக்கானோ, அதன் தண்டோ, துடுப்போ கிடந்தால் விறகாக்க வேண்டாம். பாடசாலைக்குத் தாருங்கள், சுவரில் பெயரெழுதி மாட்டி வைப்போம். தேக்குக்கும் முதிரைக்கும் வேறுபாடு தெரிந்த ஓடாவிமார் ஒரு நாள் வந்து வகுப்பில் பேசுங்கள். பிள்ளைகளைக் கேட்கச் சொல்லி அனுப்புகிறோம், வாப்பாமாரும் மூத்தவர்களும் அலுக்காமல் பதில் சொல்லுங்கள். அடுத்த முறை வாகனத்தில் ஏறும்போது பிள்ளையிடம் 'இதுக்குப் பேர் சுக்கான்' என்றும் சொல்லி வையுங்கள்.